டைப்பிங் சர்டிபிகேட் இருந்தா வேலை கிடைக்குமா? தமிழ்நாட்டில் எந்த ஊரில் எந்த ஆவண வேலைக்கு வாய்ப்பு?

டிகிரி முடித்தாச்சு. டைப்பிங்கில் ஹையரும் பாஸ். குரூப் 4 இரண்டு முறை எழுதியாச்சு, கட் ஆஃபில் போய்விட்டது. வீட்டில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அடுத்து என்ன?"

தமிழ்நாட்டில் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் கதை இது. கிளார்க், டைப்பிஸ்ட், டேட்டா என்ட்ரி, டாகுமெண்டேஷன் என்று பல பெயர்களில் இருக்கும் எழுத்து வேலைகளுக்கு இன்று உண்மையிலேயே என்ன வாய்ப்பு? எந்த மாவட்டத்தில் எது கிடைக்கும்? ஏஐ வந்தால் எது போகும், எது நிற்கும்? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக:

• அரசு கிளார்க் வேலைக்குப் போட்டி மிகக் கடுமை. 2025 குரூப் 4 அறிவிப்பில் ஒரு இடத்துக்கு சுமார் 350 பேர் விண்ணப்பித்தார்கள்.
• வெறும் டைப்பிங், வெறும் டேட்டா என்ட்ரி வேலை குறைந்துவருகிறது.
• ஆவணத்தைச் சரிபார்க்கும், தவறுக்குப் பொறுப்பேற்கும் வேலைக்குத் தேவை இருக்கிறது.
• அந்தத் தேவை ஊருக்கு ஊர் மாறும். தூத்துக்குடியில் கேட்கும் திறமை வேறு, திருப்பூரில் கேட்கும் திறமை வேறு.

கிளார்க் வேலை என்றால் இப்போ என்ன?

முன்பு ஆபீஸ் வேலை என்றாலே எழுதுவது, டைப் அடிப்பது, ஃபைல் கட்டுவது. இன்று இதை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் வகை, இருப்பதை அப்படியே ஏற்றுவது. காகிதத்தில் உள்ளதை கம்ப்யூட்டரில் அடிப்பது, ஆடியோவைக் கேட்டு டைப் செய்வது எல்லாம் இதில் வரும்.

இரண்டாவது வகை, விதிமுறைப்படி ஆவணம் தயாரிப்பது. ஏற்றுமதி பில், ஜிஎஸ்டி இன்வாய்ஸ், பத்திரம், கோர்ட் மனு போன்றவை.

மூன்றாவது வகை, சரிபார்த்துப் பொறுப்பேற்பது. வந்த மனுவில் என்ன குறை, எந்தச் சான்று இல்லை, எந்த விதி பொருந்தும் என்று பார்த்துக் குறிப்பு எழுதுவது.

இந்த மூன்றில் முதல் வகைதான் வேகமாகச் சுருங்குகிறது. ஆனால் வேலை தேடும் பலர் கையில் வைத்திருக்கும் சான்றிதழ் அந்த முதல் வகைக்கானது. சிக்கல் அங்கேதான்.

அரசு வேலை: கணக்கு என்ன சொல்லுது?

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தகுதி போதும். நேர்காணல் கிடையாது. 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள். இதில் பாதி தமிழ். தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள்.

இளநிலை உதவியாளர், தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் ஆகியவை இதில் வரும் முக்கிய அலுவலகப் பணிகள். இளநிலை உதவியாளரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி தனி.

இப்போது போட்டியைப் பாருங்கள். 2022ல் 7,301 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது, சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். 2024ல் 6,244 இடங்கள், 20 லட்சம் பேர். 2025ல் 3,935 இடங்கள், ஏறத்தாழ 13.89 லட்சம் பேர். ஒவ்வொரு முறையும் பின்னர் இடங்கள் கூட்டப்பட்டன என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு நாற்காலிக்கு நூற்றுக்கணக்கான பேர் என்ற நிலை மாறவில்லை. இதில் விஏஓ, வனக்காப்பாளர் இடங்களும் அடக்கம். அதாவது அத்தனையும் அலுவலக வேலை இல்லை.

அப்படியென்றால் முயற்சி செய்யக்கூடாதா? தாராளமாகச் செய்யலாம். வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவர் படிப்படியாகத் துணை வட்டாட்சியர், வட்டாட்சியர் வரை உயர முடியும். பத்தாம் வகுப்புத் தகுதியில் தொடங்கும் வேலைகளில் இப்படி ஒரு ஏணி வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. ஆனால் அதை மட்டுமே நம்பி நான்கைந்து வருடம் வேறு எதுவும் கற்காமல் இருப்பதுதான் ஆபத்து.

குரூப் 4 தவிர வேறு என்ன இருக்கு?

நீதிமன்றம்: 2024ல் சென்னை உயர் நீதிமன்றம் மாவட்ட நீதிமன்றங்களுக்காக 2,329 பணியிடங்களை அறிவித்தது. பரிசோதகர், ஜெராக்ஸ் ஆபரேட்டர் என ஆவணம் சார்ந்த பணிகள் பல இதில் இருந்தன. இடங்கள் மாவட்ட வாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன.

கூட்டுறவு: மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையங்கள் மூலம் கூட்டுறவு வங்கி, சங்கங்களுக்கு உதவியாளர், எழுத்தர் தேர்வு நடக்கிறது. 2023ல் மாநிலம் முழுக்க 2,257 இடங்கள். டிகிரியுடன் கூட்டுறவுப் பயிற்சியும் கேட்கிறார்கள். இந்தப் பயிற்சி இல்லாமல் ஒதுங்கிவிடுபவர்கள் அதிகம் என்பதால், முடித்து வைத்திருப்பவருக்கு அது பலம்.

வங்கி: அரசு வங்கிகளில் கிளார்க் பதவிக்கு இப்போது வாடிக்கையாளர் சேவை அசோசியேட் என்று பெயர். 2025 ஐபிபிஎஸ் அறிவிப்பில் நாடு முழுக்க 10,277 இடங்கள், அதில் தமிழ்நாட்டுக்கு 894. டிகிரி வேண்டும். விண்ணப்பிக்கும் மாநிலத்தின் மொழியைப் படிக்க, எழுத, பேசத் தெரிந்திருக்க வேண்டும். தேர்வைத் தமிழிலும் எழுதலாம்.

மத்திய அரசு: எஸ்எஸ்சி நடத்தும் சிஎச்எஸ்எல் தேர்வுக்கு பிளஸ் 2 போதும். கிளார்க் பணிக்கு ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 35 வார்த்தை டைப்பிங் வேகம் வேண்டும். தொடக்கச் சம்பளம் 19,900 ரூபாய். 2022 சிஎச்எஸ்எல் முதல் இதையும் தமிழில் எழுதலாம். டைப்பிங் ஹையர் முடித்த பலர் இந்தப் பக்கமே திரும்புவதில்லை.

சரி, டைப்பிங் சர்டிபிகேட்டுக்கு மதிப்பு இருக்கா, இல்லையா?

இருக்கிறது. ஆனால் எங்கே என்பது முக்கியம்.

தமிழ்நாட்டில் தட்டச்சுத் தேர்வுகளைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. ஜூனியருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, சீனியருக்கு 45 வார்த்தை. பேச்சு வழக்கில் லோயர், ஹையர். குரூப் 4 தட்டச்சர் பணிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் இருந்தால் முதல் முன்னுரிமை. ஒன்றில் ஹையர், இன்னொன்றில் லோயர் இருந்தாலும் தகுதி உண்டு. இதோடு சிஓஏ எனப்படும் அலுவலக ஆட்டோமேஷன் கம்ப்யூட்டர் சான்றிதழும் வேண்டும்.

சான்றிதழ் இல்லாதவர் தட்டச்சர் இடத்துக்குப் போட்டியிடவே முடியாது. அதனால் போட்டியின் அளவு அங்கே கொஞ்சம் குறைகிறது. சுருக்கெழுத்தும் தெரிந்தவருக்கு இன்னும் குறைகிறது.

தனியார் கம்பெனியிலோ கதை வேறு. அங்கே ஹையர் சர்டிபிகேட்டை யாரும் தனியாகக் கேட்பதில்லை. எக்செல் தெரியுமா, டேலி தெரியுமா, ஆங்கிலத்தில் ஒரு மெயில் தப்பில்லாமல் எழுத முடியுமா என்பதுதான் கேள்வி. விரல் வேகம் உதவும், அதுவே வேலை வாங்கித் தராது.

எந்த ஊரில் எந்த வேலை?

ஒரு ஊரில் என்ன தொழில் நடக்கிறதோ, அந்தத் தொழிலுக்கான காகிதமும் அங்கேதான் உருவாகும். இதை வைத்துப் பார்த்தால் தமிழ்நாட்டின் வரைபடம் தெளிவாகப் புரியும்.

சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர்: வாய்ப்பு அதிகம், வகையும் அதிகம். அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளி பதிவேட்டைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடு போடும் மெடிக்கல் கோடிங் வேலைக்கு சென்னை ஒரு பெரிய மையம். உயிரியல், நர்சிங், பார்மசி படித்தவர்களை இதில் அதிகம் எடுக்கிறார்கள். வெளிநாட்டு ஆய்விதழ்கள், புத்தகங்களின் பக்க அமைப்பு, பிழைதிருத்தப் பணிகள் சென்னையிலும் புதுச்சேரியிலும் பல ஆண்டுகளாக நடக்கின்றன. சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களைச் சுற்றி கஸ்டம்ஸ் ஆவண வேலை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் ஸ்டோர்ஸ், டிஸ்பாட்ச் பிரிவுகளில் சரக்கு வரவு-செலவுப் பதிவு வேலை.

தூத்துக்குடி: வ.உ.சி. துறைமுகம்தான் இங்கே மையம். ஒரு கண்டெய்னர் கப்பல் ஏற வேண்டுமானால் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங் என்று வரிசையாக ஆவணங்கள் சரியாக இருக்க வேண்டும். பொருளுக்கான எச்எஸ் கோடு ஒரு எண் மாறினாலும் வரி விகிதம் மாறிவிடலாம், சரக்கு நின்றுவிடலாம். கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகங்களில் சாதாரண ஊழியருக்கு எச் கார்டு. சுங்கத்துறை நடத்தும் தேர்வில் தேறினால் ஜி கார்டு. பிளஸ் 2 முடித்து சாதாரண உதவியாளராகச் சேர்ந்து, வேலை பழகி, ஜி கார்டு வாங்கி மேலே வருவது இந்தத் தொழிலில் உள்ள வழி.

திருப்பூர், கரூர், கோவை: பின்னலாடையும் வீட்டு உபயோகத் துணியும் ஏற்றுமதியாகும் பகுதி. பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசிங் ஒரு பிரிவு, டாகுமெண்டேஷன் இன்னொரு பிரிவு. லெட்டர் ஆஃப் கிரெடிட் முறையில் வியாபாரம் நடந்தால் வங்கி சரக்கைப் பார்க்காது, காகிதத்தைத்தான் பார்க்கும். வாங்குபவரின் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பணம் நிற்க வாய்ப்புண்டு. அமீரகம், ஆஸ்திரேலியா போன்ற ஒப்பந்த நாடுகளுக்கு அனுப்பும்போது, பொருள் இந்தியாவில் உருவானது என்ற மூலச் சான்றிதழ் இருந்தால்தான் வரிச்சலுகை கிடைக்கும். இதைத் தப்பில்லாமல் தயாரிக்கத் தெரிந்தவரை கம்பெனி லேசில் விடாது.

ஆனால் இங்கே ஆபத்தும் உண்டு. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50% வரி விதித்தபோது, முதலில் பதறிய ஊர்களில் திருப்பூரும் ஒன்று. ஆர்டர் குறைந்தால் தையல் மிஷினோடு டாகுமெண்டேஷன் மேஜையும் காலியாகும்.

நாமக்கல், சேலம்: லாரித் தொழிலின் தலைமையிடம். புக்கிங் ஆபீஸ் கிளார்க், பில்லிங், இ-வே பில் போடுபவர் என்று தேவை இருக்கிறது. பொதுவாக 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு வெளிமாநிலம் போனால் இ-வே பில் கட்டாயம். தமிழ்நாட்டுக்குள் என்றால் வரம்பு ஒரு லட்சம். வண்டி எண் தப்பாக இருந்தால் செக்கிங்கில் லாரி நிற்கும், அபராதம் விழும். ராத்திரி பகல் பாராத வேலை என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

மதுரை: 2004ல் உயர் நீதிமன்றக் கிளை வந்த பிறகு, அதைச் சுற்றி ஒரு தனி ஆவண உலகமே உருவானது. மனு டைப்பிங், மொழிபெயர்ப்பு, வழக்கறிஞர் அலுவலக கிளார்க் வேலைகள் இங்கே உண்டு. தமிழ் ஆவணத்தை ஆங்கிலத்தில் சரியாக மாற்றத் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு. நீதிமன்றங்களை டிஜிட்டலாக்கும் இ-கோர்ட்ஸ் மூன்றாம் கட்டத்துக்கு மத்திய அரசு 2023ல் 7,210 கோடி ரூபாய் ஒப்புதல் தந்தது. இதில் சுமார் 2,000 கோடி பழைய வழக்கு ஆவணங்களை ஸ்கேன் செய்து சேமிப்பதற்கானது. ஸ்கேனிங் வேலை நிரந்தரமானது இல்லை, ஆனால் கோர்ட் ஆவணங்களைப் பழகிக்கொள்ள அது ஒரு வாசல்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை: டெல்டாவில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் பருவகாலப் பட்டியல் எழுத்தர்களை நுகர்பொருள் வாணிபக் கழகம் எடுக்கிறது. எத்தனை மூட்டை, எவ்வளவு ஈரப்பதம், யாருக்கு எவ்வளவு தொகை என்று விவசாயியின் பணத்தை எழுதுபவர் இவர்தான். பெயரே சொல்வதுபோல் இது பருவத்துக்குத்தான். மீதி மாதங்களுக்கு வேறு வழி வைத்திருக்க வேண்டும்.

எல்லா ஊருக்கும் பொதுவானது: மாநிலம் முழுக்க 500க்கும் மேற்பட்ட சார்பதிவாளர் அலுவலகங்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி உரிமம் பெற்ற ஆவண எழுத்தர்களும் அவர்களிடம் வேலை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். 2018ல் பதிவுத்துறை ஸ்டார் 2.0 மென்பொருளுக்கு மாறியதிலிருந்து பத்திர விவரங்களை ஆன்லைனில் ஏற்றத் தெரிந்தால்தான் பிழைப்பு. வில்லங்கச் சான்றை இப்போது மக்கள் செல்போனிலேயே பார்க்கிறார்கள். ஆனால் நான்கு எல்லை எழுதவும், மூலப்பத்திரத் தொடர்ச்சி பார்க்கவும் இன்னமும் ஆள் தேடி வருகிறார்கள்.

இ-சேவை மையமும் இப்படித்தான். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுத்தவரின் இடத்தை இன்று பெரும்பாலும் இ-சேவை ஆபரேட்டர் பிடித்திருக்கிறார். வருமானம் மாதச் சம்பளமாக வராது, மனுக்களின் எண்ணிக்கையைப் பொறுத்துத்தான்.

ஏஐ வந்தா எது போகும்?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2023ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏஐயால் அதிகம் பாதிக்கப்படக்கூடிய வேலைப் பிரிவு அலுவலக எழுத்துப் பணிதான். இந்தப் பிரிவின் பணிகளில் 24% அதிக அளவிலும், 58% நடுத்தர அளவிலும் ஏஐயின் வீச்சுக்குள் வருகின்றன. 2025ல் வந்த உலகப் பொருளாதார மன்ற அறிக்கையும் வேகமாகக் குறையும் வேலைகளின் பட்டியலில் டேட்டா என்ட்ரி, அலுவலக உதவியாளர், வங்கி கவுன்டர் பணிகளைச் சேர்த்திருக்கிறது.

இது நம் ஊரிலேயே நடந்து முடிந்த ஒரு கதைதான். டாக்டர் பேசியதைக் கேட்டு டைப் செய்யும் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் சென்னையில் ஒரு காலத்தில் பெரிய கவர்ச்சி. தெருவுக்குத் தெரு பயிற்சி மையங்கள் இருந்தன. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் முன்னேறியதும் அந்த வேலை சுருங்கி, மிஷின் அடித்ததைத் திருத்தும் எடிட்டிங் வேலையாக மாறியது. கேட்டு அடிக்கும் வேகத்தை மட்டும் வைத்திருந்தவர்களுக்கு இடம் குறைந்தது. மருத்துவச் சொற்களைப் புரிந்து தப்பு கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். மெடிக்கல் கோடிங்கிலும் எளிமையான கேஸ்களை மென்பொருளே பார்க்கத் தொடங்கிவிட்டது.

அரசு அலுவலகங்களிலும் இ-ஆபீஸ் முறை படிப்படியாக வருகிறது. தபாலை மேஜைக்கு மேஜை தூக்கிப்போகும் வேலை குறையும். ஆனால் "இந்த மனுவுக்கு இந்த விதி பொருந்தாது" என்று குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். தப்பானால் விளக்கம் கேட்க மென்பொருளுக்கு மெமோ கொடுக்க முடியாது.

அப்போ என்ன கத்துக்கணும்?

1. டைப்பிங்கோடு நிறுத்த வேண்டாம். எக்செல், யூனிகோட் தமிழ், ஆங்கில மெயில் மூன்றும் அடிப்படை.

2. உங்கள் மாவட்டத்தில் எந்த ஆவணம் அதிகம் புழங்குகிறது என்று பாருங்கள். துறைமுகமா, எக்ஸ்போர்ட்டா, கோர்ட்டா, பதிவு அலுவலகமா? அதில் ஒன்றை ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

3. காமர்ஸ் படித்தவர்களுக்கு டேலியோடு ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிடிஎஸ், பிஎஃப், இஎஸ்ஐ தாக்கல் தெரிந்திருந்தால் எந்த ஊரிலும் ஒரு ஆடிட்டர் ஆபீசில் தொடங்கலாம். தொடக்கச் சம்பளம் குறைவு, கற்பது அதிகம்.

4. குரூப் 4 படிப்பவர்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத் தன்னார்வப் பயிலும் வட்டத்தின் இலவசப் பயிற்சியைப் பயன்படுத்தலாம். எத்தனை முறை எழுதுவது என்று வீட்டில் பேசி ஒரு வரம்பு வைத்துக்கொள்வது நல்லது.

5. தனியார் வேலைக்குத் தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையத்தில் இலவசமாகப் பதியலாம். மாவட்டந்தோறும் நடக்கும் வேலைவாய்ப்பு முகாம்களுக்கும் கட்டணம் கிடையாது.

உஷார்: "வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை"

எழுத்து வேலை தேடுபவர்களைக் குறிவைத்து நடக்கும் மோசடிகளில் இது பழையது, இன்னும் ஓடுகிறது. "தினம் 20 பக்கம் டைப் செய்தால் போதும், மாதம் பல ஆயிரம்" என்று மெசேஜ் வரும். ரிஜிஸ்ட்ரேஷன் என்று ஒரு தொகை வாங்குவார்கள். வேலையை முடித்துக் கொடுத்ததும் "தப்பு அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள்" என்று வக்கீல் நோட்டீஸ் போல ஒன்றை அனுப்பி மிரட்டிப் பணம் கேட்பார்கள்.

வேலை தருபவர் பணம் கேட்டால் அது வேலை இல்லை. ஆதார், பான், வங்கி விவரங்களைக் கொடுத்துவிட வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு. மிரட்டல் நோட்டீசுக்குப் பயந்து மேலும் பணம் கட்டுவதுதான் பலர் செய்யும் இரண்டாவது தவறு.

கடைசியாக…

எழுத்து வேலை ஒழிந்துவிடும் என்பதும் மிகை, டைப்பிங் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பதும் பழைய கணக்கு. ஒரு காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அடிப்பவருக்கு வாய்ப்பு குறைகிறது. அதில் என்ன தப்பு இருக்கிறது என்று சொல்பவருக்கு இன்னும் இடம் இருக்கிறது.

அடுத்த கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் ஒரு நாள் ஒதுக்கி, உங்கள் ஊரில் இருக்கும் பதிவு அலுவலகம், ஆடிட்டர் ஆபீஸ், எக்ஸ்போர்ட் கம்பெனி, லாரி புக்கிங் ஆபீஸ் என நாலு இடத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "இங்கே வேலைக்கு வர்றவங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்?" கோர்ஸ் நடத்துபவரைவிட அந்தப் பதில் சரியாக இருக்கும்.